என்ர கொட்டில், என்ர நெஞ்சு

வன்னியில், துணுக்காயில் தச்சுப் பட்டறையைத் தேடிப் போகிறவர் பெரும்பாலும் யாராவது ஒருவரின் வீட்டு முற்றத்தில்தான் போய் நிற்பார். விறாந்தையோடு ஒட்டி இறக்கிய கொட்டில், மேலே சீற் அல்லது கிடுகு, நடுவில் வேலை மேசை. ஒரு பக்கத்தில் அரைகுறையாய் நிற்கும் கதவு நிலை, மறு பக்கத்தில் குசினி வாசல். 2008 இல் போரால் இடம்பெயர்ந்த சனம் 2009 இன் கடைசியில் திரும்பி வரத் தொடங்கியபோது இருந்த வீடுகளுக்குக் கதவு இல்லை, யன்னல் இல்லை. பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டுவது உரிமையாளர் பொறுப்பு. அத்தனை நிலைக்கும் கதவுக்கும் யன்னலுக்கும் ஆள் தேவைப்பட்டது. உளியும் சீவுளியும் பிடிக்கத் தெரிந்தவர்களின் முற்றமெல்லாம் பட்டறையானது அப்படித்தான்.

இந்தக் கொட்டில்களில் மரத்தூளைப் போலவே வழமையான இன்னொன்று புகை. பீடி, சிகரட், பழைய ஆட்களிடம் யாழ்ப்பாணச் சுருட்டு. "உள்ளுக்கு வைச்சுப் பத்தாதையுங்கோ அண்ணை" என்று யாராவது சொன்னால் பதில் உடனே வரும்: "என்ர கொட்டில், என்ர காசு, என்ர நெஞ்சு. உனக்கென்ன தம்பி?"

இந்தப் பதிலைச் சிரித்து ஒதுக்குவது நியாயமில்லை. எந்த வீதியால் போகலாம், எந்த முகாமில் நிற்க வேண்டும், எப்போது வீட்டுக்குத் திரும்பலாம் என்று மற்றவர்கள் சொல்லச் சொல்லக் கேட்ட ஊர் இது. மரம் ஏற்றுவதற்கு இன்றைக்கும் பெர்மிட் வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதன் தன் கொட்டிலுக்குள் தன் இஷ்டத்துக்கு இழுக்கும் புகைக்கு ஒரு மதிப்பு உண்டு. அறிவியலுக்கு அதைப் பறிக்கும் அதிகாரம் எதுவும் கிடையாது. ஆனால் கொட்டிலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அதனால் சொல்ல முடியும்.

முதலில் நெருப்பு. சும்மா புகைந்துகொண்டிருக்கும் சிகரட்டின் நுனி 600 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கும். ஆள் இழுக்கும் கணத்தில் அது 900 பாகையைத் தொடும். படையாகக் கிடக்கும் மரத்தூள் கனலத் தொடங்க 300 பாகை அளவு போதும். கணக்கு இவ்வளவுதான் என்றாலும், அது கனலும் விதத்தில் ஒரு தந்திரம் உண்டு. சீவுளியிலிருந்து சுருண்டு விழும் சீவல் பற்றினால் குப்பென்று எரியும், கண்ணுக்குத் தெரியும், காலால் மிதிக்கலாம். வாள் தூளும் மண்கடதாசித் தூளும் அப்படி எரிவதில்லை. குவியலின் மேல் விழுந்த துண்டு ஒரு சதக்குற்றி அளவுக்குக் கறுத்த வட்டம் போடும், பிறகு உள்ளே இறங்கிவிடும். தூளே வெப்பத்தை வெளியே விடாத போர்வையாகிறது. தூள்களுக்கு இடையே உள்ள காற்று கனலுக்குப் போதுமான ஒட்சிசனைக் கொடுக்கிறது. சுவாலை இல்லாமல் மணிக்கணக்காக இப்படி ஊர்ந்துபோய், காற்றுப்படும் ஓரத்துக்கு வந்ததும் அது சுவாலையாகலாம். அதற்கு முன்பு கிடைக்கும் ஒரே எச்சரிக்கை மெல்லிய புகை மணம். எந்நேரமும் புகை மணக்கும் கொட்டிலில் அதை யார் கவனிப்பது?

சோளகம் வீசும் மாதங்களில், கிடுகுக் கூரைக்குக் கீழே, இது சின்ன விஷயமில்லை. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிந்த இரவில் அந்த நகரத்துக்கே தீயணைப்பு நிலையம் இருக்கவில்லை. நகரத்தின் கதையே அது என்றால், உள்ளே இருக்கும் ஊர்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

நெருப்பைப் பற்றிய நம்பிக்கைகளில் எல்லாமே சரி என்றும் இல்லை. தின்னர் பேணிக்குப் பக்கத்தில் எரியும் சிகரட்டோடு போனாலே குப்பென்று பிடித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க அரசின் தீ ஆய்வுகூடம் ஒன்று பெற்றோலை வைத்து இதைச் சோதித்தது. எரியும் சிகரட்டுகளை ஆயிரக்கணக்கான தடவை பெற்றோல் ஆவிக்குள் காட்டிப் பார்த்தார்கள், இழுத்தும் பார்த்தார்கள். ஒரு தடவைகூடத் தீப்பற்றவில்லை. 2013 இல் வெளியான முடிவு இது. நுனியின் வெப்பம் போதுமானதுதான், ஆனால் அதை மூடும் சாம்பலும் புகையிலைத் துணுக்குகளுக்கு இடையிலான நெருக்கமும் தீ ஆவிக்குப் பரவ விடுவதில்லை. ஆனால் அந்தச் சிகரட்டைப் பற்றவைக்கும் லைற்றருக்கும் தீக்குச்சிக்கும் இந்தச் சலுகை கிடையாது. திறந்த சுவாலை ஆவியைத் தொட்டால் முடிந்தது. சீலர் அடித்த கையோடு லைற்றரைத் தட்டும் அந்த ஒரு கணம்தான் ஆபத்தின் நேரம்.

புகைக்காத தச்சனுக்கும் நெருப்பு வரும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி காற்றிலுள்ள ஒட்சிசனோடு தாக்கமுற்றுத் தானாகவே சூடேறும். கசக்கி மூலையில் எறிந்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகப் பற்றும். 1991 பெப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படித்தான் எரியத் தொடங்கியது. மரப்பலகைக்கு எண்ணெய் பூசியவர்கள் 22 ஆம் மாடியில் விட்டுப்போன துணிகள்தான் காரணம். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அங்கே யாரும் சிகரட் பிடித்திருக்கத் தேவையே இல்லை.

இனி நெஞ்சு.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் பிசிர்கள் என்ற நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அவை ஒரே திசையில் அடித்து, தூசி ஒட்டிய சீதத்தை மேலே தள்ளுகின்றன. நாள் முழுக்க முதிரை சீவியவர் இரவில் காறித் துப்பும் மஞ்சள் சளி இந்தப் பிசிர்களின் உழைப்பு. புகை இவற்றை மந்தமாக்குகிறது, பல வருடப் புகை அழித்தும் விடுகிறது. மரத்தூளும் தன் பங்குக்கு இவற்றைத் தளரவைக்கும். டென்மார்க்கில் தளபாடத் தொழிலாளர்களின் மூக்கைச் சோதித்த ஆய்வாளர்கள் 1977 இல் இதைக் காட்டினார்கள்: தூசி கூடக் கூட, மூக்குச் சீதம் நகராமல் தேங்கி நிற்பவர்களின் தொகை கூடியது. கொட்டிலில் புகைப்பவர் தூசியையும் உள்ளே இழுத்து, தூசியை வெளியேற்றும் ஏற்பாட்டையும் தானே நிறுத்திவிடுகிறார்.

மரத்தூளைக் குற்றவாளி என்று கண்டுபிடித்த கதை இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரத்தில் தொடங்குகிறது. சுற்றிலும் பீச் மரக்காடு, ஊரெல்லாம் கதிரைத் தொழில். அங்கே காது, மூக்கு, தொண்டைச் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்ட், மூக்கின் உள்ளறைகளில் அபூர்வமான ஒரு புற்றுநோயோடு வந்தவர்கள் திரும்பத் திரும்பத் தளபாடத் தொழிலாளர்களாகவே இருந்ததைக் கவனித்தார். ஒக்ஸ்போர்ட்டின் ரொனால்ட் மக்பெத், தொற்றுநோயியலாளர் டொனால்ட் அச்செசன் முதலியோரோடு சேர்ந்து 1968 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அதை வெளியிட்டார். அந்தச் சுரப்பிப் புற்றுநோய் மற்றவர்களைவிடத் தச்சர்களிடம் பல நூறு மடங்கு அதிகம். தூசியில் வேலை தொடங்கியதற்கும் நோய் தெரிவதற்கும் இடையில் சராசரியாக நாற்பது வருடம் அளவில் போயிருந்தது. 1995 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புகையிலைப் புகை இருக்கும் அதே முதலாம் பிரிவில் போட்டது. அந்தப் பிரிவு ஆதாரத்தின் உறுதியைச் சொல்வதே தவிர ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. சிகரட்டின் பலி எண்ணிக்கைக்குப் பக்கத்தில் மரத்தூளின் பலி மிகச் சிறியது.

வன்னி மரங்களும் சாதுக்கள் இல்லை. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் கொப்புளமும் போடும். அதற்குக் காரணமான குளோரொக்சிலோனின் என்ற அல்கலோயிட்டை 1909 இலேயே ஓல்ட் என்ற வேதியியலாளர் விவரித்திருக்கிறார். தேக்குத் தூளாலும் ஒவ்வாமை வரும்.

புகைப்பவர்களுக்குப் பிடித்தமான ஒரு தகவலும் உண்டு, அதை மறைப்பது நேர்மையில்லை. கனடாவின் வான்கூவரில் மொய்ரா சான்-யியுங் செந்தேவதாரு மரத்தூளால் வரும் ஆஸ்துமாவைப் பல வருடம் ஆராய்ந்தார். நோயாளிகளில் பெரும்பாலானோர் புகைக்காதவர்கள்! புகை காப்பாற்றுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. புகைப்பவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த மரத்தின் பிளிகாட்டிக் அமிலத்துக்கு வேறுவிதமாக நடந்துகொள்ளலாம் என்பது ஒரு விளக்கம். ஏற்கெனவே இருமுகிறவர்கள் அந்த வேலையில் நிலைப்பதில்லை என்பது இன்னொன்று. எதுவானாலும், அதே புகைப்பவர்கள் நுரையீரலுக்குக் கட்டும் விலையில் இதனால் ஒரு சதமும் குறையாது.

இரண்டு நஞ்சுகள் சேரும்போது என்ன நடக்கும் என்பதற்கு மிகக் கொடூரமான கணக்கு அஸ்பெஸ்டஸில் கிடைத்தது. துணுக்காயில் கூரை வேலையும் தச்சனின் தலையில்தான், அஸ்பெஸ்டஸ் சீற் வெட்டுவதும் துளைப்பதும் அவர்தான். நியூயோர்க்கின் இர்விங் செலிகொஃப் குழுவினர் வெப்பக்காப்புத் தொழிலாளர் பல்லாயிரவரைத் தொடர்ந்து அவதானித்து 1979 இல் சொன்னது இது: புகையும் அஸ்பெஸ்டஸும் தொடாதவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காத அஸ்பெஸ்டஸ் தொழிலாளிக்குச் சுமார் 5 மடங்கு. அஸ்பெஸ்டஸ் தொடாத புகைப்பவருக்கு 11 மடங்கு. இரண்டும் உள்ளவருக்கு 53 மடங்கு. அவர்கள் சுவாசித்த அளவு மிக அதிகம், வருடத்தில் நாலு கூரை போடுகிறவருக்கு இதே எண்ணைப் பொருத்தக்கூடாது. ஆனால் ஐந்தும் பதினொன்றும் பதினாறு என்று கூட்டிப் பார்க்கும் மனத்துக்கு ஐம்பத்து மூன்று ஒரு நல்ல அதிர்ச்சி.

அதே 1979 பெப்ரவரியில் அமெரிக்கத் தொழிற் சுகாதார நிறுவனம் புகையும் தொழிலும் சந்திக்கும் ஆறு வழிகளை ஓர் அறிக்கையில் தொகுத்தது. அவற்றில் ஒன்று வேறெங்கும் அதிகம் பேசப்படாதது. காற்றிலோ விரலிலோ இருக்கும் சாதுவான பொருளை சிகரட்டின் 900 பாகை நுனி வேறொன்றாக மாற்றிவிடும். ரெஃப்லோன் தூள் ஒட்டிய கையால் சிகரட் பிடித்த தொழிலாளர்களுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்தது இப்படித்தான். பெயின்ற் கழற்றும் திரவங்களில் பல காலம் இருந்த மெதிலீன் குளோரைட்டின் ஆவி எரியும் நுனி வழியாகப் போனால் பொஸ்ஜீன் உண்டாகும். முதலாம் உலகப் போரில் ஆட்களைக் கொல்ல விட்ட வாயு அது.

இந்த மெதிலீன் குளோரைட்டுக்குத் தனியாக ஒரு கதை உண்டு. வீட்டுப் பட்டறையும் சொந்த விருப்பமும் இவ்வளவு தெளிவாகச் சந்தித்த இன்னொரு சம்பவத்தைக் காண்பது அரிது. அமெரிக்காவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற 66 வயது மனிதர் ஒருவர் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் பழைய மரத் தளபாடத்தின் பூச்சைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்று மணித்தியாலம் வேலை செய்தார். அன்றே மாரடைப்பு. பிழைத்து வந்தார். பிறகு அதே அறை, அதே வேலை, இரண்டாவது மாரடைப்பு. அதிலும் தப்பினார். மூன்றாவது முறை தப்பவில்லை. விஸ்கொன்சின் மருத்துவக் கல்லூரியின் ரிச்சர்ட் ஸ்ருவேட்டும் கார்ல் ஹேக்கும் 1976 இல் இதை வெளியிட்டு, காரணத்தையும் சொன்னார்கள். மூச்சோடு போகும் மெதிலீன் குளோரைட்டை உடல் காபனோரொட்சைட்டாக மாற்றுகிறது. அது ஈமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு ஒட்சிசனின் இடத்தைப் பிடிக்கிறது, இதயம் திணறுகிறது. மூடிய கராஜில் காரைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்தது போன்ற விளைவு, புகையே இல்லாமல்.

நாளுக்கு ஒரு பெட்டி சிகரட் பிடிப்பவரின் ஈமோகுளோபினில் ஏற்கெனவே 5 வீதம் அளவு காபனோரொட்சைட்டிடம் போயிருக்கும். புகைக்காதவருக்கு அது ஒரு வீதத்தை ஒட்டி நிற்கும். புகைப்பவர் இத்தகைய திரவத்தைத் திறப்பது பாதி தூரம் ஓடி முடித்த பிறகு பந்தயத்தைத் தொடங்குவதற்குச் சமம். ஐரோப்பிய ஒன்றியமும், 2019 இல் அமெரிக்காவும் இந்தத் திரவத்தைப் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தின.

அந்த மனிதரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவருடைய அறை, அவருடைய பொழுதுபோக்கு. மூன்று தடவையும் அவரே விரும்பி இறங்கினார். ஆனால் எதை விரும்புகிறோம் என்று அவருக்குத் தெரியாது, முதல் இரண்டு தடவையும் அவரைக் காப்பாற்றிய வைத்தியர்களுக்கும் தெரியாது. "என்ர நெஞ்சு" என்ற வாதத்தில் உள்ள பெரிய ஓட்டை இதுதான். தெரிவு செய்ய முதல், எதையெல்லாம் தெரிவு செய்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். இலங்கையில் சிகரட் பெட்டியின் 80 வீதப் பரப்பில் நோய்ப் படம் போட வேண்டும் என்பது சட்டம். துணுக்காய்த் தச்சர் பெட்டிக்கடையில் வாங்குவதோ ஒற்றைச் சிகரட். படம் கடைக்காரரின் மேசையோடு நின்றுவிடுகிறது.

இன்னொரு ஓட்டையும் உண்டு, அதைச் சிகரட் கொம்பனிக்காரரே எழுதி வைத்திருந்தார்கள். இழுத்த நிக்கொட்டின் இருபது விநாடிக்குள் மூளைக்குப் போய்விடும், அவ்வளவு வேகமாகக் கிடைக்கும் சுகத்தை மூளை இலேசில் கைவிடாது. 1963 இல் அமெரிக்காவின் பிரவுண் அன்ட் வில்லியம்சன் கொம்பனியின் சட்டத்தரணி அடிசன் யீமன், தாங்கள் விற்பது அடிமைப்படுத்தும் மருந்தான நிக்கொட்டினைத்தான் என்று உள்வீட்டுக் குறிப்பொன்றில் ஒத்துக்கொண்டார். வெளியே அதே தொழில் பல பத்து வருடங்கள் "அது அவரவர் விருப்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. பிரவுண் அன்ட் வில்லியம்சன் அன்று பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கொம்பனியின் கிளை. இலங்கைப் புகையிலைக் கொம்பனியின் பெரும்பான்மைப் பங்கும் அதே தாய்க் கொம்பனியிடம்தான் இருக்கிறது. "என்ர விருப்பம்" என்ற சொல் எங்கிருந்து வாய்க்கு வந்தது என்று ஒரு தடவை யோசிப்பதில் பிழையில்லை.

சரி, எல்லாம் தெரிந்தும் ஒருவர் புகைக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நெஞ்சு ஒன்று மட்டுமா? 1981 ஜனவரியில் தோக்கியோவின் தகேஷி ஹிரயாமா வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை உலகத்தின் முன் வைத்தது. புகைக்காத 91,540 மனைவிமாரை 14 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு அது. கணவன் கடுமையாகப் புகைத்த வீடுகளில் அந்தப் பெண்கள் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களின் மனைவிமாரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. புகையிலைத் தொழில் உடனே புள்ளிவிபரத்தில் பிழை பிடிக்க ஆள் அனுப்பியது. அதே வருடம் கிரேக்கத்திலிருந்தும் ஒத்த முடிவு வந்தது. பிறகு வந்த ஆய்வுகள் ஹிரயாமாவின் பக்கமே நின்றன. இலங்கையில் பெண்கள் புகைப்பது மிக மிகக் குறைவு என்பதால், இந்த நாட்டு வீடுகள் ஹிரயாமா ஆராய்ந்த வீடுகளைப் போலவே இருக்கின்றன.

புகை போன பிறகும் கதை முடிவதில்லை. சுவரிலும் துணியிலும் தூளிலும் ஒட்டிய நிக்கொட்டின், காற்றிலுள்ள நைத்திரசு அமிலத்தோடு தாக்கமுற்றுப் புற்றுநோய் உண்டாக்கும் நைத்திரசமைன்களைத் தருகிறது என்று 2010 இல் அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தினர் காட்டினார்கள். கொட்டிலுக்கும் குசினிக்கும் இடையில் கதவே இல்லாத வீட்டில், தவழும் பிள்ளை கை வைத்து வாயில் வைப்பது அந்தத் தூளில்.

வேலை பழக வரும் பெடியனையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட் விற்க முடியாது. ஆனால் "ஓடிப்போய் ஒண்டு வாங்கிக்கொண்டு வாடா" என்று அனுப்பப்படுவது அவன்தான். வேலை மேசைக்கு மறுபக்கம் நின்று பலகையைப் பிடிப்பவனும் அவன்தான், குருவின் புகை நேரே முகத்துக்கு வரும். ஊதாதையுங்கோ என்று சொல்லும் நிலையில் அவன் இல்லை. இந்தக் கொட்டிலில் விருப்பம் என்ற சொல்லுக்கு மிகக் குறைந்த உரிமை உள்ளவன் அவனே.

சட்டம் பொதுமக்கள் வந்துபோகும் மூடிய இடங்களோடு நின்றுவிடுகிறது. கேரளத்தில் மோனம்மா கொக்காட் என்ற பெண் போட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் 1999 ஜூலையில் பொது இடப் புகையைத் தடைசெய்தபோது, மற்றவரின் புகையைச் சுவாசிக்க நேர்வது உயிர்வாழும் உரிமையைத் தொடுகிறது என்று காரணம் சொன்னது. அந்தத் தீர்ப்பும் வீட்டுப் படலையைத் தாண்டவில்லை. தாண்டவும் வேண்டாம். தச்சரின் கொட்டிலுக்குள் பொலிஸ் வந்து பீடி தேடும் நாடு யாருக்கும் வேண்டியதில்லை. மனைவியும் பெடியனும் வாய் திறந்து பேசக்கூடிய வீடாக அது இருந்தால் போதும். அது சட்டத்தால் வருவதில்லை.

விடுவதற்குப் பிந்திவிட்டது என்பவர்களுக்கு ஆய்வாளர் ரிச்சர்ட் டொல் பதில் வைத்திருந்தார். 1951 இல் தொடங்கிப் பிரித்தானிய வைத்தியர்களை ஐம்பது வருடம் பின்தொடர்ந்த அவருடைய ஆய்வு 2004 இல் சொன்னது: தொடர்ந்து புகைப்பவர் இழப்பது சராசரியாகப் பத்து வருடம். 30 வயதில் விட்டவர் அந்தப் பத்தையும் மீட்டார், 40 இல் விட்டவர் ஒன்பதை, 50 இல் விட்டவர் ஆறை, 60 இல் விட்டவர் மூன்றை. இரத்தத்தில் ஏறிய காபனோரொட்சைட்டு ஒரே நாளில் இறங்கிவிடும்.

விடமாட்டேன் என்பவர் செய்யக்கூடியதும் உண்டு, செலவு ஒன்றும் இல்லை. உடுப்பை உதறி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முற்றத்தின் மறு கோடியில் வேப்பமரத்துக்குக் கீழே போய்ப் பத்தலாம். ஈரமண் போட்ட பேணியில் துண்டை அமத்தலாம். நாடியில் தொங்கும் முகக்கவசத்தைத் தூசி விரலால் இழுத்து இழுத்துப் புகைப்பதைவிட இது எவ்வளவோ மேல். எண்ணெய்த் துணியை விரித்துக் காயப் போட வேண்டும். தூளைத் தண்ணி தெளித்துக் கூட்டி அன்றன்றைக்கே வெளியே எடுக்க வேண்டும். வெல்டிங் போன்ற சூட்டு வேலை முடிந்தபின் அரை மணித்தியாலம் காவல் நிற்கச் சொல்லிவந்த அமெரிக்கத் தீத்தடுப்பு விதி 2019 இல் அதை ஒரு மணித்தியாலம் ஆக்கியது, கனலும் நெருப்பின் பொறுமையைப் பார்த்துத்தான். கொட்டிலுக்குள்தான் புகைப்பேன் என்கிறவர் அந்த எண்ணையே தனக்கும் எடுத்துக்கொள்ளலாம். கடைசிப் பீடியை அணைத்து ஒரு மணித்தியாலம் வேலை செய்து, அதன்பிறகு தூள் குவியலைத் தடியால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை நிறுத்தலாம்.